தூக்கம் வந்தவள்

பாத்திமா மேரி தன் கணவரை அக்குபஞ்சர் வைத்தியத்துக்காகச் சிதம்பரம் கூட்டிக்கொண்டு போனது ஒரு மே மாதச் சனிக்கிழமை. அவள் கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. சகாயநாதன் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். ஆனால் கொஞ்ச மாதங்களாக அவரைக் கம்பத்துப் பக்கம் விடாமல் ஆபீசிலேயே உட்கார வைத்திருந்தார்கள். ஒரு மழை நாளில் டிரான்ஸ்ஃபார்மர் முன்னால் எங்கேயோ பார்த்தபடி அசையாமல் நின்றவரை, கூட வந்த வயர்மேன் தோளைப் பிடித்து இழுத்து வந்ததற்குப் பிறகு செய்த ஏற்பாடு அது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. எதற்கு என்றும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் கூப்பிட்டால் வந்துவிடுகிறார். மேரிக்கு அதுதான் பயமாக இருந்தது.

அவர்களுக்கு ஒரே பெண், கிரேசி. பாண்டிச்சேரியில் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால், ஒரு நவம்பர் மாதத்தில் காய்ச்சல் என்று ஹாஸ்டலிலிருந்து செம்மண்டலத்து வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். ரத்தம் பார்த்தார்கள். டெங்கு என்று தெரிந்ததும் படுக்க வைத்தார்கள். டாக்டர்கள் ஓடி ஓடிப் பார்த்தார்கள். செய்ய வேண்டியது எல்லாவற்றையும் செய்தும் அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள். யார் மேலாவது குற்றம் சொல்லி மனசை ஆற்றிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் இடமில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேருமே தூங்கவில்லை. தூங்காததைப் பற்றிப் பேசிக்கொள்ளவும் இல்லை. விடிந்து பால்காரர் மணியடிக்கும்போது அவர் ஹாலில் நாற்காலியில் இருப்பார். அவள் சுவரில் சாய்ந்து தரையில் இருப்பாள். அவள் எழுந்து போய்ப் பாலை வாங்குவாள். காபி போட்டு ஆளுக்கொரு டம்ளராகக் குடிப்பார்கள். பிறகு அவர் ஆபீசுக்கு, அவள் பள்ளிக்கூடத்துக்கு.

அவருக்கு மூச்சுதான் தொந்தரவாக ஆரம்பித்தது. வெளியே விடும் மூச்சு பாதியில் நின்று, கொஞ்சம் திணறி, பிறகு வரும். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஈசிஜியில் ஒன்றும் இல்லை. மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையைக் கொஞ்ச காலம் போட்டுப் பார்த்தார். "தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்குது, அவ மொகமே கலங்கலாத் தெரியுது" என்று சொல்லி ஒரு நாள் நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் கூட வேலை பார்க்கும் மங்கலம் டீச்சர் சிதம்பரத்து இசைவாணியைப் பற்றிச் சொன்னாள். மங்கலத்துக்கு வெகு நாள் இருந்த ஒற்றைத் தலைவலி அங்கே போய்த்தான் குறைந்ததாம்.

"சும்மா ஒருக்கா போயிட்டு வாங்க மேரி. பெருசா ஒண்ணும் இல்ல, முடி மாதிரி ஊசி. குத்துறதே தெரியாது. அந்தப் பொண்ணு பேசுறதக் கேட்டாலே பாதி சரியாயிடும்."

இசைவாணியின் வைத்தியசாலை தெற்கு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், செல்போன் கடைக்கு மேலே இருந்தது. ஏறுவதற்குக் குறுகலான படி. உள்ளே பச்சைத் திரை போட்டுப் பிரித்த இரண்டு கட்டில்கள். சுவரில் ஒரு மனித உடம்பின் படம். தலையிலிருந்து கால் வரை கோடுகளும் புள்ளிகளும், பக்கத்தில் சீன எழுத்துகளும். இசைவாணிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சென்னையில் படித்துவிட்டு வந்தவள். மேரி அவளை டாக்டர் என்று கூப்பிட்டபோது உடனே தடுத்தாள்.

"டாக்டர்லாம் வேணாம்க்கா. பேர் சொல்லியே கூப்புடுங்க. உக்காருங்க சார்."

அவர் கையை எடுத்து, மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மறு கை. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். எப்போது பசிக்கும், என்ன கனவு வரும், எந்த நேரத்தில் மூச்சு ஜாஸ்தியாகத் திணறும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தையில் பதில் சொன்னார். பெண் இறந்ததை மேரிதான் சொன்னாள்.

இசைவாணி தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"சீன வைத்தியத்துல ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு உணர்ச்சி சொல்லுவாங்க சார். கோவம் கல்லீரல்ல. பயம் சிறுநீரகத்துல. துக்கம் நுரையீரல்ல. உங்களுக்கு மூச்சு உள்ள நல்லாப் போவுது. வெளிய வர்றப்பதான் நிக்குது. எதையோ வுட மாட்டேன்னு புடிச்சி வெச்சிருக்கீங்க."

சகாயநாதன் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"வுட்டா?"

"வுட்டா தூக்கம் வரும் சார்."

"அப்புறம்?"

இசைவாணி எழுந்தாள். ஊசிப் பொட்டலத்தைப் பிரிக்கப் போனாள். அவர் கட்டில் பக்கம் போகாமல் நாற்காலியிலேயே இருந்தார்.

"நீ மொதல்ல படு மேரி" என்றார். "உனக்குப் போடட்டும். பாக்குறேன்."

மேரி தனக்காக வரவில்லை. ஆனால் அவர் 'பாக்குறேன்' என்று சொன்னதே பெரிய விஷயமாகத் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்தாள். இசைவாணி அவளுக்கும் நாடி பார்த்தாள். மணிக்கட்டுச் சுருக்கத்தில் சுண்டுவிரல் ஓரமாக ஒன்று, பாதத்தின் மேல் ஒன்று, புருவ மத்தியில் ஒன்று. எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. மாசிப்பத்திரி இலையைச் சுருட்டிச் செய்த ஒரு திரியைப் பற்றவைத்து, பாதத்துக்கு மேலே தொடாமல் பிடித்துக்கொண்டாள். சூடு மெதுவாக இறங்கியது. மேலே மின்விசிறி சுற்றுவதை மேரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணைத் திறந்தபோது ஊசிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். வெயில் ஜன்னலை விட்டு இறங்கியிருந்தது. அவளுக்கு எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. சகாயநாதன் அதே நாற்காலியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுப்ப வேணாம்னு சார்தான் சொன்னாரு" என்றாள் இசைவாணி.

அடுத்த சனிக்கிழமை அவர் படுத்தார். மேரி அவர் தலைமாட்டில் நின்றாள். நெற்றியில் வைத்த ஊசிக்கு ஒன்றும் சொல்லவில்லை. காலில் வைத்ததற்கும் சொல்லவில்லை. இசைவாணி அவருடைய இடது கையைத் திருப்பி, புறங்கையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஊசியை வைத்ததும் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஊசியைத் தானே பிடுங்கிக் கீழே போட்டார். நெற்றியில் இருந்தது அப்படியே ஆடிக்கொண்டு நின்றது.

"சார், அசையாதீங்க. நான் எடுத்துடறேன்…"

"அவ கையில எடமே இல்ல மேரி" என்றார். இசைவாணியைப் பார்க்கவில்லை. "ரெண்டு கையிலயும் குத்திக் குத்தி நீலமாக் கெடந்துது. கடைசியில கால்ல தேடுனாங்க. அப்பா, கால்ல வேணாம்னு சொல்லுங்கப்பான்னா. நான் ஒண்ணும் ஆவாதும்மா, கொஞ்சம் பொறுத்துக்கோன்னேன். பொறுத்துக்கோன்னேன் மேரி."

ஒன்றரை வருடத்தில் அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. இசைவாணி மிச்ச ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவர் சட்டையைக்கூடச் சரியாகப் பொத்தான் போடாமல் படியிறங்கிப் போனார்.

மேரிக்கு அன்றைக்கு வருத்தமாக இல்லை. பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது உள்ளுக்குள் ஒரு வெளிச்சம் இருந்தது. பேசிவிட்டார். அடைத்திருந்தது திறந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பொறுமையாக இருந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று நினைத்தாள்.

அப்படி நடக்கவில்லை. அதற்கு மேல் அவர் கட்டிலில் படுக்கவே இல்லை. ஆனாலும் சனிக்கிழமை ஆனால் கூட வருவார். படியில், கீழிருந்து நாலைந்து படி மேலே, சுவர் ஓரமாக உட்கார்ந்துகொள்வார். மேலே போகிறவர்கள் அவருக்காக ஒதுங்கிப் போவார்கள். மேரி உள்ளே போய்ப் படுப்பாள். தான் ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் ஒரு நாள் மனசு வரும் என்பதுதான் அவள் கணக்கு. இசைவாணியிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள்.

"அவருக்காகத்தான் நான் வர்றேன் இசை."

"தெரியும்க்கா. ஆனா படுக்குறது நீங்கதான? உங்க ஒடம்பு யாருக்காக வந்தோம்னு கேக்காது."

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. ஒரு நாள் மதியம் ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்த மேரி, முழுவதையும் சாப்பிட்டு முடித்துவிட்டு மங்கலத்தின் டப்பாவிலிருந்த உருளைக்கிழங்கைப் பார்த்தாள். மங்கலம் அதை அவள் பக்கம் தள்ளினாள். சாப்பிட்ட பிறகுதான் மேரிக்குப் புரிந்தது, பசித்துச் சாப்பிட்டோம் என்று. வாயைக் கழுவப் போனவள் குழாயடியில் வெகு நேரம் நின்றாள்.

அப்புறம் தூக்கம். முதலில் சிதம்பரத்துக் கட்டிலில் மட்டும் வந்தது. பிறகு சனிக்கிழமை இரவுகளில் வீட்டிலும் வந்தது. ஆடி மாதம் முடிவதற்குள் எல்லா நாளும் வந்தது. ஹாலில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தால் தலை தானாகத் தொங்கிவிடும். கரும்பலகையில் எழுதும் எழுத்து மறுபடி நேராக வந்தது. வகுப்பில் ஒரு பெண், "மிஸ், இப்பல்லாம் நீங்க திட்டுறீங்க மிஸ், நல்லா இருக்கு" என்று சொன்னாள்.

இது ஊசியாலா, வாரம் ஒரு தடவை ஒருத்தி தன் கையைப் பிடித்துக்கொண்டு எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்பதாலா என்று மேரி யோசித்திருக்கிறாள். பதில் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் உடம்பு அதை எடுத்துக்கொண்டது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, மாசிப்பத்திரித் திரியின் புகை ஜன்னல் வழியாகக் கொஞ்சம் ஜாஸ்தியாகப் போய்விட்டது. எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்த ஒருவர் தீப்பிடித்துவிட்டது என்று கத்த, கீழே செல்போன் கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்து, திரையை விலக்கி, முகத்தில் ஊசியோடு படுத்திருந்த மேரியைப் பார்த்து, "ஐயோ, மன்னிச்சிடுங்கம்மா" என்று பின்னால் நகர்ந்து, தன் கால் மேலேயே தண்ணீரைக் கொட்டிக்கொண்டார். இசைவாணிக்குச் சிரிப்பு வந்தது. மேரிக்கும் வந்தது. ஊசி இருந்ததால் அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. வயிறு குலுங்கிக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

வெளியே வந்தபோது சகாயநாதன் படியில் உட்கார்ந்திருக்கவில்லை. மேலே ஏறி வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். வழிந்த தண்ணீரில் அவருடைய வேட்டி ஓரம் நனைந்திருந்தது.

பஸ் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டியது. அவர் முன்னால் பார்த்தபடியே சொன்னார்:

"உனக்குச் சரியாயிடுச்சி."

"அப்புடில்லாம் இல்லைங்க."

"சிரிச்சத கேட்டேன்."

"ஒரு ஆளு வாளியோட வந்து…" என்று ஆரம்பித்தவள், அதைச் சொல்லி முடிக்க முடியாது என்று தெரிந்து நிறுத்திவிட்டாள். அவர் மூச்சு திணறி வெளியே வந்தது. அவள் அவர் கையைத் தொட்டாள். அவர் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் கூட வரவில்லை. "நீ போயிட்டு வா" என்றார். அதில் கோபம் எதுவும் இல்லை. மேரி தனியாகப் போய் வந்தாள். வீட்டில் அவர் ஹாலை விட்டுக் கிரேசியின் அறைக்கு மாறிக்கொண்டார். கட்டிலில் படுக்கவில்லை. அவளுடைய படிக்கும் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காலையில் மேரி காபி கொண்டு போனால் வாங்கிக்கொள்வார். ஆனால் அவள் எதிரே உட்கார்ந்தால் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்.

நவம்பரில் கிரேசியின் இரண்டாம் வருட நினைவுத் திருப்பலி. பங்குக் கோவிலில் சாயங்காலப் பூசை. உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். கிள்ளையிலிருந்து சகாயநாதனின் அண்ணன் ஜோசப் குடும்பத்தோடு வந்திருந்தார். போன வருடம் இதே பூசையில் மேரி நிற்க முடியாமல் இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். இந்த வருடம் அவள் நின்றாள். காணிக்கைப் பாட்டு ஆரம்பித்தபோது, சின்ன வயதிலிருந்து பாடிய பாட்டு என்பதால், யோசிக்காமல் அவள் குரலும் சேர்ந்துகொண்டது. இரண்டாவது அடியில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அவர் பெஞ்சில் இல்லை.

கல்லறைப் பக்கம் இருந்தார். கோவிலுக்குப் பின்னால்தான் கல்லறைத் தோட்டம். கிரேசியின் கல்லறைமேல் யாரோ வைத்த மெழுகுவத்தி காற்றில் அணைந்திருந்தது. அவர் அதைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாரும் உங்களத் தேடுறாங்க" என்றாள் மேரி.

"பாடுன."

"தெரியாமப் பாடிட்டேங்க. வாய் தானா…"

"தப்புன்னு சொல்லல. நல்லாத்தான் பாடுன." அவர் கல்லறைக் கல்லைத் தொட்டார். "ரெண்டு பேருமா அவளத் தூக்கிட்டிருந்தோம் மேரி. நீ கைய எடுத்துட்ட. இப்ப முழுசும் என் மேல இருக்குது. நான் கீழ வெக்க மாட்டேன். ஆனா கனமா இருக்குது."

"நான் எங்கங்க எடுத்தேன்? அவ எனக்கும்தான பொண்ணு? பெத்தவ நான்."

"நீதான் பெத்த. ஆனா நீ தூங்குற."

உள்ளே மணியடித்தது. இரண்டு பேரும் தனித்தனியாகக் கோவிலுக்குத் திரும்பினார்கள்.

மேரி சிதம்பரம் போவதை நிறுத்தினாள். இசைவாணி போன் பண்ணியபோது எடுக்கவில்லை. பகலில் சாப்பாட்டைக் குறைத்தாள். ராத்திரி கடுங்காபி குடித்தாள். கிரேசியின் அறைக்குள் போய், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பழைய மாதிரி அவரோடு விழித்திருந்தால் அவர் தன்னை மறுபடி உள்ளே விடுவார் என்று நம்பினாள். அவரும் போகச் சொல்லவில்லை. பெண்ணின் முகத்தை, கடைசி நாளின் முகத்தை, வேண்டுமென்றே நினைவுக்குக் கொண்டுவந்து நெஞ்சில் வைத்து அழுத்தினாள். வலித்தது. வலிக்கும்போதே கண் சொக்கியது.

காலையில் கழுத்து வலியோடு எழுந்தாள். மேலே ஒரு போர்வை இருந்தது. அவர் நாற்காலியில் இருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூங்கிட்டனா?"

"ம். கொறட்ட வுட்ட."

"நாளைக்கி முழிச்சிருப்பேங்க."

"வேணாம் மேரி. உன்னால ஆவாது." போர்வையை எடுத்து மடித்து வைத்தார். "வுடு."

அந்த வாரம் முழுக்க அவள் முயற்சி செய்தாள். ஒரு நாளும் முடியவில்லை.

டிசம்பரில், வீடுகளில் நட்சத்திரம் கட்டத் தொடங்கியிருந்தபோது, மேரி மறுபடி சிதம்பரத்துக்குப் போனாள். சனிக்கிழமை இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவ் போட்டுவிட்டு ஒரு வேலை நாளில் போனாள். இசைவாணி தனியாக இருந்தாள். மேரியைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்தாள்.

"எங்கக்கா போயிட்டீங்க? சார் எப்புடி இருக்காரு?"

"ஒண்ணு கேக்கணும் இசை. சிரிக்காத."

"கேளுங்க."

"எனக்கு வந்த தூக்கத்தத் திருப்பி எடுக்க முடியுமா?"

இசைவாணி புரியாமல் பார்த்தாள்.

"தூக்கம் வர வெக்கப் புள்ளி இருக்குதுல்ல? வராம வெக்கவும் ஒரு புள்ளி இருக்கும்தான? அங்க வெச்சி வுடு. நான் பழையபடி ஆவணும். அவரு அங்கியே நிக்கிறாரு. நான் மட்டும் கரையேறிட்டேன். திரும்பி எறங்கணும்னு பாக்குறேன், ஒடம்பு எறங்க மாட்டேங்குது."

"அக்கா…"

"பசிக்கிது இசை. அவரு பட்டினியா ஒக்காந்திருக்காரு, பக்கத்து ரூம்ல நின்னுக்கிட்டு நான் திருட்டுத்தனமா சோத்த அள்ளித் திங்குறேன். எம்பொண்ணு செத்துப் போயிருக்கா. எனக்குப் பசிக்கிது."

இசைவாணி அவளைக் கட்டிலில் உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அப்படி ஒரு புள்ளி இல்லை என்று சொன்னாள். உங்களுக்கு நடந்தது தப்பில்லை என்று சொன்னாள். சாரை எப்படியாவது ஒரு தடவை கூட்டி வாருங்கள், ஊசியே வேண்டாம், கையால் மட்டும் தொட்டுப் பார்க்கிறேன் என்றாள். முடியாவிட்டால் நல்ல மனநல டாக்டரிடம் திரும்பக் கூட்டிப் போங்கள், அதை விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் அழுதுவிட்டாள்.

"நான் அவருக்குத்தான்க்கா பண்ண நெனச்சேன்" என்றாள்.

மேரி அவள் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள்.

டாக்டரிடம் கூட்டிப் போகவும் பார்த்தாள். அவர் இந்தத் தடவை கூப்பிட்டால் வருகிறவராக இல்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தார். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேரி பூசைக்குப் போய்விட்டு வந்தபோது, ஜோசப் அண்ணனின் மினி வேன் வாசலில் நின்றது. சகாயநாதன் ஒரு பையோடு ஏறி உட்கார்ந்திருந்தார். கிரேசியின் படிக்கும் நாற்காலி பின்னால் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தது.

"கொஞ்ச நாளு நம்ம கூட இருக்கட்டும்மா" என்றார் ஜோசப். அவருக்கும் சங்கடமாக இருந்தது. "காத்து மாறுனா மாறும்."

"என்னங்க, நானும் வரட்டுமா?" என்று மேரி வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"உனக்கு ஸ்கூல் இருக்குது" என்றார் சகாயநாதன். அவளை நேராகப் பார்த்துத்தான் சொன்னார். "நீ நல்லா இரு மேரி. நெசமாத்தான் சொல்றேன்."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவள் கிள்ளைக்குப் போனாள். சிதம்பரம் போய் அங்கிருந்து இன்னொரு பஸ். ஜோசப்பின் வீடு ஊர்க்கோடியில், உப்பங்கழி தெரிகிற மாதிரி இருந்தது. சகாயநாதன் பின்கட்டு அறையில் இருந்தார். முகம் ஒடுங்கி, கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. மூச்சு திணறுவது வாசலிலேயே கேட்டது. சமைத்துக் கொண்டுபோன மீன் குழம்பை அவள் எதிரில் ஒரு வாய் சாப்பிட்டார். அவள் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ சொன்னாள், அவர் கேட்டுக்கொண்டார். மூன்றாவது தடவை, கிளம்பும்போது, அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, இசைவாணி வைப்பதுபோல மூன்று விரலை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ அடித்துக்கொண்டிருந்தது. அது என்ன சொல்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பஸ்ஸு போயிடும்" என்றார் அவர்.

ஜோசப் அவளோடு பஸ் நிறுத்தம்வரை நடந்து வந்தார். வழியில் வலை காய்ந்துகொண்டிருந்த இடத்தில் இரண்டு பேர் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். அவர் பதில் வணக்கம் சொல்லிவிட்டு, பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தொண்டையைச் செருமிக்கொண்டே வந்தார்.

"அடுத்த வாரம் நண்டு வாங்கிட்டு வர்றேன் மாமா. அவருக்குப் புடிக்கும்."

"மேரி." ஜோசப் நின்றார். "தப்பா எடுத்துக்காத. நீ வந்துட்டுப் போனா ரெண்டு மூணு நாளு அவன் தண்ணி கூடக் குடிக்க மாட்டேங்குறான். கெடந்து மூச்சு வாங்குறான். மத்த நாள்ல எதோ கஞ்சியாவது எறங்குது."

மேரி முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உம் மொகத்தப் பாத்தா அவனுக்கு…" என்று ஆரம்பித்து, முடிக்காமல், "கொஞ்ச நாளு வராம இரும்மா" என்றார். "நான் போன் பண்றேன்."

"சரி மாமா."

"நீ நல்ல பொண்ணு. உம்மேல ஒண்ணும் இல்ல."

"தெரியும் மாமா."

பஸ் வந்தது. கூட்டம் இல்லை. அவள் ஏறி உட்கார்ந்து, வெளியே நின்ற ஜோசப்பிடம் காலிக் குழம்புப் பாத்திரத்தை மறந்துவிட்டு வந்ததைச் சொன்னாள். உங்கள் வீட்டு அக்காவிடமே இருக்கட்டும் என்றாள். அவர் தலையாட்டினார். பஸ் கிளம்பியது.

தவக்காலம் தொடங்கியது. பரீட்சை வந்தது. ஜோசப் போன் பண்ணும்போதெல்லாம், "அப்புடியேதான் இருக்கான்" என்பார். மேரி பேப்பர் திருத்தினாள், சமைத்தாள், ஒருத்திக்கு மட்டும் என்று அளந்து சமைத்தும் கொஞ்சம் மீதியானது. நாற்காலி இல்லாத அந்த அறையைப் பெருக்கி, கதவைச் சாத்தினாள். இரவானால் அவளுக்குத் தூக்கம் வந்தது.